எலெக்ட்ரானின் இருமுனை: 10⁻²⁵-இலிருந்து 10⁻³⁵ வரை ஒரு கணக்கு

எலெக்ட்ரானின் மின் இருமுனைத் திருப்புத்திறன் எவ்வளவு? இயற்பியலிடம் இன்று இருக்கும் பதில் ஓர் உச்ச வரம்புதான்: 4.1×10⁻³⁰-ஐத் தாண்டாது. 2023 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இந்த எண்ணை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரிலுள்ள ஜிலா ஆய்வகம் அளந்து கொடுத்தது. நம்பிக்கை அளவு 90 விழுக்காடு. அலகு, எலெக்ட்ரானின் மின்னூட்டம் பெருக்கல் சென்டிமீட்டர். இனி இந்தக் கட்டுரையில் அலகு சொல்லாமல் வரும் திருப்புத்திறன் எண்கள் எல்லாம் இதே அலகில்தான்.

எலெக்ட்ரானின் தற்சுழற்சி அச்சின் ஒரு முனைப் பக்கம் எதிர்மின்னூட்டம் இம்மியளவு சாய்ந்திருந்தால் அது இருமுனை. அந்தச் சாய்வு 4.1×10⁻³⁰ சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்கிறது வரம்பு. புரோட்டானின் ஆரம் 8.4×10⁻¹⁴ சென்டிமீட்டர். அதை 200 கோடி கோடிக்கும் மேற்பட்ட பங்குகளாகக் கூறுபோட்டால் ஒரு கூறின் நீளம்தான் இது. எலெக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனை இதே அலகில் எழுதினால் 1.9×10⁻¹¹ வரும், 2023-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு அதை 10 லட்சம் கோடியில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவான பிழையோடு அளந்திருக்கிறது. மின்சாரப் பக்கத்து எண் அந்தக் காந்த எண்ணில் 2.2×10⁻¹⁹ பங்குகூட இல்லை.

இவ்வளவு சின்ன எண்ணுக்கு ஏன் இத்தனை பாடு? கோட்பாட்டாளர்கள் நாற்பது ஆண்டுகளாக இந்த இடத்தில் வரிசையாகப் பெரிய பெரிய எண்களை எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியவற்றில் எவை செல்லும், எவை செல்லாது, எவை விலை ஏறிப்போய் நிற்கின்றன என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

சுழியமாக இருக்க வேண்டிய அளவு

தற்சுழற்சியும் மின் இருமுனையும் ஒரே அச்சில் இருக்கும் துகளைக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். சுழற்சி திசை மாறும்; மின்னூட்டச் சாய்வு மாறாது. ஆகவே ஓடவிட்ட படமும் திருப்பி ஓட்டிய படமும் ஒன்றாக இருக்காது. இருமுனைக்குச் சுழியமற்ற மதிப்பு இருந்தால், இயற்கை காலத்தின் முன்பின் திசைகளை வேறுபடுத்துகிறது என்று பொருள். பொருளையும் எதிர்ப்பொருளையும் வேறுவிதமாக நடத்துகிறது என்பதும் கூடவே வந்துவிடும்.

அந்த வேறுபாடு இயற்கையில் உண்டு என்பது 1964-இலேயே தெரிந்துவிட்டது. ஜேம்ஸ் குரோனினும் வால் ஃபிட்சும் கேயான் துகள்களில் அதைக் கண்டார்கள். 1980-இல் நோபல் பெற்றார்கள். கோபயாஷியும் மஸ்காவாவும் 1973-இல் அதன் காரணத்தைக் குவார்க்குகள் என்ற அடிப்படைத் துகள்களின் கலப்பில் வைத்தார்கள். ஆனால் குவார்க்குக் கணக்கு போதவில்லை. பேரண்டத்தில் இன்று ஏறக்குறைய 164 கோடி ஒளித்துகளுக்கு ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரான் மிஞ்சியிருக்கிறது. பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகப் பிறந்து ஒன்றையொன்று அழித்திருந்தால் இந்த மிச்சம் இருந்திருக்காது. கோபயாஷி-மஸ்காவா வழியில் மட்டும் கணக்கிட்டால் இதைவிடப் பத்துப் படிகளாவது குறைவாகத்தான் மிஞ்சும். (பத்து மடங்கை ஒரு படி என்று வைத்துக்கொள்வோம்.) எனவே நாம் இன்னும் பார்க்காத காலத்திசை மீறல் எங்கோ இருந்தாக வேண்டும். அது கனமான புதிய துகள்களில் இருந்தால் அதன் தடம் எலெக்ட்ரானில் விழ வேண்டும். இருமுனையைத் தேடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

கையால் போடும் கணக்கு

கோட்பாட்டாளர்கள் எண்ணை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது மறைபொருள் இல்லை. ஒரு தாளில் நான்கு பெருக்கலில் முடியும்.

முதலில் எலெக்ட்ரானின் நிறை: 0.511 மெகா எலெக்ட்ரான் வோல்ட், அதாவது 5.11×10⁻⁴ கிகா. இதைப் புதிய துகளின் நிறையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். புதிய துகள் 1 டெரா எலெக்ட்ரான் வோல்ட் என்று வைப்போம். ஏறத்தாழ 1,066 புரோட்டான் எடை. வகுத்தால் 5.1×10⁻¹⁰. இதை நீள அலகுக்குக் கொண்டுவர 1.97×10⁻¹⁴ சென்டிமீட்டரால் பெருக்கினால் 1.0×10⁻²³ சென்டிமீட்டர். எலெக்ட்ரான் ஒரு கணம் புதிய துகளை உமிழ்ந்து மறுபடி விழுங்கும் ‘ஒரு வளைய’ நிகழ்வுக்கு மெலிவிசையின் வலிமையில் ஒரு தள்ளுபடி உண்டு: 0.0027. பெருக்கினால் 2.7×10⁻²⁶. கடைசியாக, காலத்திசை மீறலின் அளவைக் குறிக்கும் கட்டக் கோணத்தின் சைன். அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தடை எதுவும் இல்லாததால் 1 என்றே வைப்பது வழக்கம்.

ஆக 1 டெரா நிறையுள்ள புதிய இயற்பியல், தயக்கமின்றிக் காலத்திசையை மீறினால், எலெக்ட்ரானின் இருமுனை 2.7×10⁻²⁶ அளவில் வர வேண்டும். அளந்த வரம்பு அதைவிட 6,600 மடங்கு கீழே நிற்கிறது.

இந்த 6,600-ஐச் சரிக்கட்ட இரண்டே வழி. ஒன்று, கோணத்தைச் சுருக்குவது: சைன் 1.5×10⁻⁴-க்குள் இருக்க வேண்டும். மற்றது, துகளை எடையாக்குவது. நிறை வர்க்கமாக வருவதால் 6,600-இன் வர்க்கமூலம், அதாவது 81 டெரா வரை துகளைத் தள்ள வேண்டும். அளவீடு ஒரு படி கூர்மையாகும் ஒவ்வொரு முறையும் நிறை 3.2 மடங்குதான் ஏறும். சோதனைக்காரர் பத்து மடங்கு பாடுபட்டால் கோட்பாட்டுக்காரர் மூன்று மடங்கு பின்வாங்கினால் போதும். இந்த மாற்று விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் எண்கள் புரியும்.

ஆகவே இவற்றை ‘முன்கணிப்பு’ என்று சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கிரகணத்தை நாழிகை சொல்லிக் கணிப்பதுபோல் யாரும் இங்கே எண் சொல்லவில்லை. நிறை இன்னதாக, கோணம் இன்னதாக இருந்தால் இருமுனை இவ்வளவு என்று ஒரு சூத்திரத்தைக் கொடுத்தார்கள். சூத்திரம் திடமானது, உள்ளே போடும் எண்கள் அவரவர் எதிர்பார்ப்பு. இதைப் பிரித்துச் சொல்லாத எந்த அறிக்கையும் வாசகருக்கு அரைக் கணக்கையே காட்டுகிறது.

யார் எவ்வளவு எழுதினார்கள்

ஒவ்வொரு துகளுக்கும் ஒரு துணைத்துகள் உண்டு என்று சொல்லும் சூப்பர் சிமெட்ரிக் கொள்கைதான் பெரிய தொகை எழுதியது. 1980-களின் தொடக்கத்திலேயே, அதன் துணைத்துகள்கள் 100 கிகா அளவில் இருந்தால் நியூட்ரானுக்கும் எலெக்ட்ரானுக்கும் இருமுனைகள் மிகப் பெரிதாக வருகின்றன என்று பலர் கணக்கிட்டுக் கவலைப்பட்டார்கள். மேலே போட்ட கணக்கில் 1 டெராவுக்குப் பதில் 0.1 டெரா வைத்தால் 2.7×10⁻²⁴ கிடைக்கும். பெர்க்லியில் யூஜீன் கமின்ஸ் குழு தாலியம் அணுவில் அளந்து 2002-இல் கொடுத்த வரம்பு 1.6×10⁻²⁷. கோணத்தின் சைன் 6×10⁻⁴-க்குள் ஒடுங்க வேண்டும் என்று அர்த்தம். இயல்பாக 1-ஐ ஒட்டி இருக்க வேண்டிய ஒன்று ஏன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போக வேண்டும்? சூப்பர் சிமெட்ரியின் ‘காலத்திசைச் சிக்கல்’ என்று இதைச் சொன்னார்கள். பெரும் ஹாட்ரான் மோதுவி, அதாவது எல்.எச்.சி., கட்டி முடிவதற்கு வெகுமுன்பே இந்தச் சிக்கல் பேசப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். எல்.எச்.சி. துணைத்துகள் ஒன்றையும் காணாதபோது வியந்தவர்களைவிட, இருமுனை எண்களைக் கவனித்து வந்தவர்கள் குறைவாகவே வியந்திருப்பார்கள்.

அந்தக் கொள்கையின் சில வடிவங்களில் இன்னொரு பெருக்கல் காரணி உண்டு. அதன் மதிப்பு 10 என்று வைத்தால் இன்றைய வரம்பு 81-ஐ 256 டெராவாக ஏற்றிவிடும்.

துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு என்ற கொள்கைகள், இடவல விசைகள் சமம் என்ற கொள்கைகள் ஆகியவை 1990-களில் 10⁻²⁶ முதல் 10⁻²⁸ வரையான நிலத்தில் குடியிருந்தன. அந்த நிலம் முழுவதும் இப்போது அளந்து முடிந்துவிட்டது. கோணமோ நிறையோ மாற்றாமல் அங்கே இனி யாரும் இருக்க முடியாது.

லெப்டோகுவார்க் என்ற கற்பனைத் துகளின் கதை வேறு. அது எலெக்ட்ரானை நேரடியாக மிகக் கனமான டாப் குவார்க்காக மாற்றக்கூடியது. அப்போது சூத்திரத்தில் எலெக்ட்ரான் நிறை இருந்த இடத்தில் டாப் நிறை, 173 கிகா, வந்து உட்காரும். எலெக்ட்ரான் நிறையைப்போல் ஏறத்தாழ 3,39,000 மடங்கு. இணைப்பு வலிமைகளை 1 என்று வைத்தால் 1 டெராவுக்கு 2.2×10⁻²⁰ வரும். வரம்புக்குள் அடங்க வேண்டுமானால் அந்தத் துகள் 70,000 டெராவுக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது அதன் இணைப்புகள் மிக நலிந்திருக்க வேண்டும். மனிதர் கட்ட நினைக்கும் எந்த மோதுவியும் தொடாத உயரம் இது.

நான் அதிகம் மதிக்கும் வரி இன்னொன்று. இதில் கற்பனைத் துகள் எதுவும் தேவையில்லை. ஹிக்ஸும் டாப் குவார்க்கும் நம் கையில் இருப்பவை. அவை இரண்டும் உறவாடும் விதத்தில் சிறிது காலத்திசை மீறல் கலந்திருந்தால் என்ன ஆகும்? பாரும் சீயும் 1990-இல் காட்டிய இரு வளைய வழியில் அது எலெக்ட்ரானை எட்டும். பிராட், ஹைஷ், ஜூபன் ஆகியோர் 2013-இல் போட்ட கணக்குப்படி, மீறும் பகுதி முழு அளவில் இருந்தால் இருமுனை 9.0×10⁻²⁷. இன்றைய வரம்பால் வகுத்தால் மீறும் பகுதி 4.6×10⁻⁴-க்குள் இருக்க வேண்டும். எல்.எச்.சி.யின் அட்லஸ் சோதனை 2020-இல் இதே கேள்வியை நேரடியாகக் கேட்டது. கலப்புக் கோணம் 43 பாகைக்கு மேல் இல்லை என்று மட்டுமே அதனால் சொல்ல முடிந்தது. ஆயிரம் மடங்குக்கு மேல் கூர்மை மேசைச் சோதனையின் பக்கம்.

இந்த வெற்றியில் ஓர் அடிக்குறிப்பு உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. 9.0×10⁻²⁷ என்ற எண், துகள் இயற்பியலின் இன்றைய அடிப்படைக் கொள்கையான ஸ்டாண்டர்ட் மாடல் சொல்லும் அளவில் ஹிக்ஸ் எலெக்ட்ரானோடு உறவாடுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. அந்த உறவை இதுவரை யாரும் அளந்ததில்லை. 200 மடங்கு அதிகமாக இருந்தாலும் எல்.எச்.சி.க்குத் தெரிந்திருக்காது, சுழியமாக இருந்தாலும் தெரிந்திருக்காது. சுழியமானால் இந்த வரி முழுவதும் அடிபட்டுப் போகும்.

அடித்தளம் எங்கே

புதிய இயற்பியல் ஒன்றுமே இல்லை, ஸ்டாண்டர்ட் மாடல் மட்டும்தான் என்றாலும் இருமுனை சுழியமாகாது. குவார்க்குகளின் காலத்திசை மீறல் சுற்றிவளைத்து எலெக்ட்ரானிடம் வந்து சேரும். மூன்று வளையம் வரை எல்லாம் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. நான்காவதில்தான் எதுவோ மிஞ்சுகிறது. அது எவ்வளவு என்பதில் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுதிய எண்கள் சுவையானவை. நீண்ட காலம் எல்லோரும் 10⁻³⁸ என்று எழுதினார்கள். 2014-இல் பொஸ்பெலோவும் ரிட்ஸும் 10⁻⁴⁴ என்று ஆறு படி இறக்கினார்கள். 2020-இல் யமகுச்சியும் யமனகாவும், குவார்க்குகள் கூடி ஆன துகள்களைக் கணக்கில் சேர்த்தால் 5.8×10⁻⁴⁰ என்றார்கள். 2022-இல் எமா, கௌ, பொஸ்பெலோவ் மூவரும் சற்று வேறான கேள்விக்கு விடை கணக்கிட்டார்கள். ஆய்வகத்தில் யாரும் தனி எலெக்ட்ரானை அளக்கவில்லை, மூலக்கூறைத்தான் அளக்கிறார்கள். மூலக்கூறுக்குள் எலெக்ட்ரானும் அணுக்கருவும் காலத்திசை மீறி நேரடியாக உறவாடினால், அதுவும் இருமுனைபோலவே தோன்றும். ஸ்டாண்டர்ட் மாடலில் அந்த உறவு தரும் போலி இருமுனை 1.0×10⁻³⁵.

எட்டே ஆண்டில் எழுதிய எண் ஒன்பது படி ஏறியிருக்கிறது; கேள்வி மாறியது, ஆனால் கொள்கையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அறிந்த கொள்கையில்கூட இந்த அளவு எண்ணைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சாட்சி. ஆனாலும் அடித்தளம் 10⁻³⁵ என்றே வைத்துக்கொண்டால், 4.1×10⁻³⁰-க்கும் அதற்கும் நடுவே 4 லட்சம் மடங்கு வெற்று நிலம் கிடக்கிறது. அந்த இடைவெளியில் எங்கே ஒரு சுழியமற்ற எண் கிடைத்தாலும் அது ஸ்டாண்டர்ட் மாடலின் குவார்க்குக் கலப்பிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. பின்னணி இரைச்சலே இல்லாத இப்படியொரு பரப்பு இயற்பியலில் அரிது. எல்.எச்.சி. தரவில் புதியதைத் தேடுபவர் பழையதை மலைமலையாகக் கழித்துத்தான் தேட வேண்டும். இங்கே கழிக்க ஒன்றுமில்லை. ஒரு வளைய விகிதத்தில் மாற்றினால் இந்த 4 லட்சம் மடங்கு, 81 டெராவிலிருந்து 52,000 டெரா வரை நீளும்.

போல்டரில் ஒரு மூன்று விநாடி

பேரேட்டின் மறுபக்கம், அளந்தவர்களின் வரவு:

2002 — பெர்க்லி, தாலியம் அணு: 1.6×10⁻²⁷
2011 — லண்டன் இம்பீரியல் கல்லூரி, இட்டெர்பியம் ஃபுளோரைடு: 1.05×10⁻²⁷
2014 — ஹார்வர்டு-யேல் ‘ஆக்மி’ குழு, தோரியம் மோனாக்சைடு: 8.7×10⁻²⁹
2017 — ஜிலா, ஹாஃப்னியம் ஃபுளோரைடு அயனி: 1.3×10⁻²⁸
2018 — ஆக்மி, இரண்டாம் சுற்று: 1.1×10⁻²⁹
2023 — ஜிலா, இரண்டாம் சுற்று: 4.1×10⁻³⁰

என் ஒரு வளையக் கணக்கில் இவற்றை நிறையாக மாற்றினால் 2002-இல் 4 டெரா, 2014-இல் 18, 2018-இல் 50, இப்போது 81. ஆக்மி குழு தன் சூத்திரத்தில் இன்னும் அடக்கமாக 2018 எண்ணுக்கு ஒரு வளையத்தில் 30, இரு வளையத்தில் 3 என்று எழுதியது. தள்ளுபடிக் காரணியில் எடுக்கும் முடிவைப் பொறுத்து இரண்டு மூன்று மடங்கு வேறுபாடு வருவது இயல்பு; இந்த வகை எண்களை முதல் இலக்கத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

21 ஆண்டில் 390 மடங்கு கூர்மை. இதைச் சாதித்தவை மூலக்கூறுகள். தனி எலெக்ட்ரானை மின்புலத்தில் வைத்தால் அது ஓடிப்போய்விடும். கனமான அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரானோ, அணுக்கருவை நெருங்கும்போது ஒளிவேகத்துக்கு அருகில் பாய்கிறது. அந்த நிலையில் வெளியே வைக்கும் மின்புலம் உள்ளே பல மடங்காகப் பெருகும் என்று 1960-களின் நடுவில் சாண்டர்ஸ் காட்டினார். பெர்க்லியில் தாலியத்துக்கு வெளியே சென்டிமீட்டருக்கு 1.23 லட்சம் வோல்ட் கொடுத்தார்கள். உள்ளே 7 கோடி வோல்ட் கிடைத்தது. ஹாஃப்னியம் ஃபுளோரைடில் வெளியே வெறும் 58 வோல்ட். உள்ளே 2,300 கோடி வோல்ட். தோரியம் மோனாக்சைடில் 7,800 கோடி. காற்று சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட்டிலேயே பொறி தெறித்து உடைந்துவிடும். எந்த மின்தகட்டாலும் தர முடியாத புலத்தை ஒரு மூலக்கூறு தனக்குள் சும்மா வைத்திருக்கிறது.

ஜிலாவின் மூலக்கூறு ஓர் அயனி. அதுவும் மின்புலத்தில் ஓடத்தான் செய்யும். எரிக் கார்னெல், ஜுன் யே ஆகியோரின் குழு அதற்குக் கண்ட வழி, மின்புலத்தையே சுழற்றிவிடுவது. புலம் விநாடிக்கு லட்சக்கணக்கான முறை சுழல, அயனிகள் அதைத் துரத்திச் சிறு வட்டங்களில் சுற்றிக்கொண்டே பொறிக்குள் தங்கிவிடும். ஒரு நேரத்தில் ஏறத்தாழ 20,000 அயனிகள். அவற்றின் தற்சுழற்சியை ஒரு திசையில் நிறுத்தி, மூன்று விநாடி வரை தலையாட்ட விட்டு, பிறகு லேசரால் மூலக்கூறை உடைத்து, எத்தனை எந்தப் பக்கம் போயின என்று எண்ணுகிறார்கள். மூலக்கூறின் இரண்டு இரட்டை நிலைகளில் உட்புலம் எதிரெதிர்த் திசையில் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அளந்து கழித்தால் காந்தப்புலத்தின் தொந்தரவு பெரும்பாலும் விழுந்துவிடும், இருமுனை மட்டும் இரட்டிப்பாக நிற்கும்.

நின்றது என்ன? −14.6 மைக்ரோ ஹெர்ட்ஸ். புள்ளியியல் பிழை 22.8, கருவிப் பிழை 6.9. பிழைக்குள் சுழியம் அடங்கிவிட்டது. இருமுனை 4.1×10⁻³⁰ ஆக இருந்திருந்தால் அதிர்வெண் 46 மைக்ரோ ஹெர்ட்ஸ். அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு ஆறு மணி நேரம் ஆகும் சுழற்சியை மூன்று மூன்று விநாடித் துண்டுகளில் தேடியிருக்கிறார்கள். விடை தங்களுக்கே தெரியாதபடி தரவில் ஒரு மறைவெண்ணைக் கூட்டிவைத்துக்கொண்டு, எல்லாச் சரிபார்ப்பும் முடிந்த பிறகே அதை நீக்கினார்கள். எதிர்பார்ப்பு அளவீட்டுக்குள் கசியக் கூடாது என்பதற்காக ஒரு குழு இப்படித் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்வதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இடையில் நிற்கும் கணக்கர்கள்

அளந்தது அதிர்வெண், அறிவித்தது இருமுனை. இரண்டுக்கும் நடுவே அந்த 2,300 கோடி வோல்ட் நிற்கிறது. அதை யாரும் அளக்க முடியாது, கணினியில் கணக்கிடத்தான் முடியும். இந்த வேலை செய்தியில் வருவதே இல்லை. ஆனால் அது பிசகினால் வரம்பும் பிசகும். தாலியத்துக்கு லியூவும் கெல்லியும் 1992-இல் கொடுத்த பெருக்கம் 585. பெர்க்லி அதைத்தான் பயன்படுத்தியது. 2011-இல் பி. பி. தாஸ் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் மறுகணக்கிட்டு 466 என்றார்கள். அது சரியென்றால் 1.6×10⁻²⁷ என்ற வரம்பு 2.0×10⁻²⁷ ஆகத் தளரும். அடுத்த ஆண்டே போர்செவ், சஃப்ரோனோவா, கோஸ்லோவ் மூவரும் 573 என்று பழைய மதிப்புக்கு அருகில் கொண்டுவந்தார்கள். தோரியம் மோனாக்சைடிலும் 2014-இல் 8,400 கோடி என்று எடுத்தது பிறகு 7,800 கோடியானது, 8.7 என்று அறிவித்த எண் உண்மையில் 9.4. பத்து இருபது விழுக்காட்டுத் தகராறுகள் இவை. படிகளில் பேசும் கோட்பாட்டுக்காரருக்கு இவை பொருட்டில்லை. நாளை சுழியமற்ற எண் வந்தால் அன்றைக்கு இவைதான் முதல் கேள்வியாகும்.

இன்னொரு இடைக்கணக்கும் உண்டு. மேலே சொன்ன எல்லா வரம்பும் அணுக்கருவோடான நேரடி உறவு சுழியம் என்று எடுத்துக்கொண்டவை. அதையும் தெரியாத எண்ணாக விட்டு, ஜிலா, ஆக்மி இரண்டின் அளவீட்டையும் சேர்த்துத் தீர்த்தால் எலெக்ட்ரானின் வரம்பு 2×10⁻²⁹ அளவுக்கு ஏறிவிடுகிறது, ஐந்து மடங்கு தளர்வு. தலைப்புச் செய்தியில் 4.1 வரும், கவனமான கொள்கையாளர் இரண்டையும் எழுதிவைத்துக்கொள்வார்.

விலைப்பட்டியல்

எல்.எச்.சி.யின் சுற்று 27 கிலோமீட்டர், மோதல் ஆற்றல் 13.6 டெரா, கட்டுமானச் செலவு ஏறத்தாழ 500 கோடி சுவிஸ் பிராங்க். அடுத்ததாக, அதை நடத்தும் செர்ன் ஆய்வகம் திட்டமிடும் எதிர்கால வட்ட மோதுவிக்கு 91 கிலோமீட்டர் சுரங்கமும் முதல் கட்டத்துக்கே சுமார் 1,500 கோடி பிராங்கும் வேண்டும் என்று 2025-இன் சாத்தியக்கூற்று அறிக்கை சொல்கிறது. இருமுனைச் சோதனைகள் ஒரு பல்கலைக்கழக ஆய்வறைக்குள் அடங்குபவை. ஆசிரியர் சிலரும் மாணவர்கள் சிலரும் பல ஆண்டு உழைப்பும்தான் அவற்றின் பெரிய செலவு.

இதைக் காட்டி, மோதுவிகள் வீண், மேசைச் சோதனையே போதும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அது தவறு என்றே நினைக்கிறேன். இருமுனை ஓர் எண்ணை மட்டும் கொடுக்கும். அந்த எண்ணில் நிறை, கோணம், இணைப்பு வலிமை எல்லாம் பெருக்கிப் பிணைந்து கிடக்கும். 10⁻³¹-இல் ஏதோ தென்பட்டால், அது கோணம் 1 உள்ள 500 டெராத் துகளா, கோணம் மிகச் சிறிதான 2 டெராத் துகளா என்று இருமுனையால் சொல்லவே முடியாது. துகளை உண்டாக்கி எடை போட மோதுவிதான் வேண்டும். மறுபக்கம், எங்கே தேட வேண்டும் என்ற தடயம் இல்லாமல் 1,500 கோடி பிராங்கைப் போடுவதும் எளிதான முடிவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். ஆய்வறைச் சோதனைகளின் பங்கு இவ்வளவு சிறியதாக இருக்கும்போது அவை நிதிக்குத் திண்டாடுவது எனக்குப் புரியாத கணக்கு.

எலெக்ட்ரான் மட்டும் ஏன், அதன் கனமான உறவுத் துகளான மியூவான் இருக்கிறதே என்று கேட்கலாம். மியூவான் 207 மடங்கு எடை. எளிய விகிதத்தில் எலெக்ட்ரானின் வரம்பைப் பெருக்கினால் மியூவானுக்கு 8.5×10⁻²⁸ வருகிறது, நேரடியாக அளந்தது 1.8×10⁻¹⁹ மட்டுமே. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனம் இப்போது 6×10⁻²³-ஐக் குறிவைத்துக் கருவி கட்டுகிறது. எளிய விகிதம் பொய்த்துப்போகும் கொள்கைகளில் மட்டும் அங்கே ஏதாவது தென்படும். அப்படிப்பட்ட கொள்கைகளும் உண்டு.

அடுத்த வரிகள்

ஜிலா ஹாஃப்னியத்தை விட்டுத் தோரியம் ஃபுளோரைடு அயனிக்குப் போகிறது. உட்புலம் ஏறத்தாழ 3,500 கோடி வோல்ட். பயன்படுத்தும் நிலையே அந்த மூலக்கூறின் அடிநிலை என்பதால், அது தானாகச் சிதைந்து தலையாட்டத்தை நிறுத்திவிடும் தொல்லை இல்லை; மூன்று விநாடியைப் பத்து, இருபது விநாடியாக நீட்டலாம். ஆக்மியின் மூன்றாம் சுற்று நார்த்வெஸ்டர்னில் உருவாகிறது. முன்பு மூலக்கூறுகள் ஒரு மில்லி விநாடிதான் அளவீட்டில் இருந்தன. அவற்றின் நிலை 4.2 மில்லி விநாடி ஆயுள் கொண்டது என்று 2022-இல் அளந்த பிறகு பாதையை ஐந்து மடங்கு நீட்டியிருக்கிறார்கள். இரண்டும் 10⁻³⁰-க்குக் கீழே இறங்கத்தான் கட்டப்படுகின்றன. லண்டனில் இட்டெர்பியம் ஃபுளோரைடை லேசரால் குளிர்விக்கிறார்கள்; நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் பேரியம் ஃபுளோரைடு. மூன்று அணு கொண்ட மூலக்கூறுகள் இன்னும் தொலைவைப் பார்க்கின்றன. அவற்றை லேசரால் குளிர்வித்துப் பொறியில் நீண்ட நேரம் பிடித்துவைக்க முடிந்தால் 10⁻³² எட்டும் என்பது அந்தத் துறையினரின் மதிப்பீடு. என் கணக்கில் அது 1,600 டெரா. அப்போதும் அடித்தளத்துக்கு இன்னும் மூன்று படி மிச்சம்.

இந்தச் சோதனைகளில் எதிலாவது சுழியமற்ற எண் வந்தால் முதலில் செய்ய வேண்டிய வேலை என்ன என்பது இப்போதே தெரியும். வேறொரு மூலக்கூறில் அளக்க வேண்டும். ஹாஃப்னியம் ஃபுளோரைடும் தோரியம் மோனாக்சைடும் எலெக்ட்ரானின் இருமுனையையும் அணுக்கரு உறவையும் வெவ்வேறு விகிதத்தில் கலக்கின்றன, ஆனால் விகிதங்களுக்குள் வேறுபாடு அதிகமில்லை. எடை குறைந்த பேரியம் போன்றதில் விகிதம் நன்றாகவே மாறும். ஒரு சமன்பாட்டில் தெரியாத எண் இரண்டு இருக்கும்வரை எந்தக் கொள்கைக்கு வரவு வைப்பது என்று யாராலும் தீர்மானிக்க முடியாது.